ஆறு ஃபில்டர், ஒரு ஏபிஐ: பைண்ட் வேரியபிளோடு க்வெரியை எந்த வழியில் கட்டுவது?

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் வேலை எடுத்துச் செய்கிற தம்பி தங்கைகள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். "அண்ணா, ஸ்க்ரீன்ல ஆறு ஃபில்டர் இருக்கு. எதையும் குடுக்கலாம், குடுக்காமலும் விடலாம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே க்வெரி எழுதிடவா, வந்த ஃபில்டருக்கு மட்டும் கோடுல கட்டவா, இல்ல ஓஆர்எம் கிட்டயே விட்டுடவா?" (க்வெரி என்றால் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி வாக்கியம்; ஓஆர்எம் என்றால் நம் கோடிலிருந்து அந்த வாக்கியத்தைத் தானே எழுதிக் கொடுக்கும் லைப்ரரி.) தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நமக்குப் பழக்கமான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் உறுப்பினர்களிடம் நெல் எடுக்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் 'கொள்முதல்' என்ற டேபிளில் ஒரு பதிவு: விவசாயி எண், மாவட்டம், வட்டம், பருவம் (குறுவை, சம்பா, தாளடி, கோடை), ரகம் (ஏடிடி 43, சிஆர் 1009, பிபிடி 5204 இப்படி), ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, தேதி. மொபைல் ஆப்பில் ஒருவர் "திருவாரூர் மாவட்டம், சம்பா, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்" என்று தேடுவார். இன்னொருவர் தேதி மட்டும் கொடுப்பார். மூன்றாமவர் ஒன்றுமே கொடுக்காமல் பட்டனை அழுத்துவார். மூன்று பேருக்கும் அதே ஏபிஐதான் (ஆப் கேட்பதை வாங்கி டேட்டாபேஸிலிருந்து விடை எடுத்துத் தரும் நிரல்) பதில் சொல்ல வேண்டும்.

பைண்ட் வேரியபிள் என்றால் என்னவென்று ஒரு வரியில்: க்வெரியின் வாக்கியம் தனியாகவும், பயனர் கொடுத்த மதிப்பு தனியாகவும் டேட்டாபேஸுக்குப் போவது. வாக்கியத்தில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோ, $1 என்றோ, :வட்டம் என்றோ ஓர் இடம் மட்டும் விட்டு வைத்திருப்போம். (கீழே வரும் மாதிரி வரிகளில் எஸ்கியூஎல் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.)

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் பாதுகாப்பு. பயனர் தட்டியது எதுவானாலும் அது மதிப்பாக மட்டுமே இருக்க வேண்டும், க்வெரியின் அங்கமாக மாறிவிடக் கூடாது.

இரண்டாவது, விடை சரியாக வருகிறதா என்பது. இதை யாரும் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் ஃபில்டர் க்வெரிகளில் நான் பார்த்த பெரிய சிக்கல்கள் இங்கேதான். காலியாக உள்ள ஃபீல்டு, காலியாக வரும் பட்டியல், தேதியின் கடைசி நாள், இந்த மூன்றிலும் க்வெரி ஓடும், பிழைச் செய்தி வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

மூன்றாவது வேகம். அதாவது டேட்டாபேஸ் சரியான இன்டெக்ஸை (பதிவைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) பிடிக்க முடிகிறதா, ஒரு முறை போட்ட பிளானை (எந்த வழியில் தேடுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம்) மறுபடி பயன்படுத்த முடிகிறதா. இவை இரண்டும் சில சமயம் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும்.

நான்காவது, ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தால் புரியுமா, ஏழாவது ஃபில்டரைச் சேர்க்க எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது.

## வழி 1: மதிப்பை வாக்கியத்தோடு ஒட்டுவது

இதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம். இன்ஜெக்‌ஷன் என்ற தாக்குதல் (மதிப்பு தட்டும் இடத்தில் க்வெரித் துண்டைத் தட்டி டேட்டாபேஸை ஏமாற்றுவது) 1998 முதல் பொதுவெளியில் பேசப்படுகிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடும் முதல் பத்து அபாயங்களின் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்று முறையும் முதலிடம் இதற்குத்தான். 2021இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியதே தவிர பட்டியலை விட்டுப் போகவில்லை.

தாக்க யாரும் வராவிட்டாலும் இது உடையும். வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் உறுப்பினர் சேர்க்கும்போது டி'சோசா என்று ஒரு பெயர் வந்தால் போதும், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறியில் வாக்கியம் முறிந்து ஏபிஐ 500 (சர்வரில் பிழை) என்று பதில் சொல்லும். குறியை நாமே இரட்டிப்பாக்கிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பத்து இடத்தில் ஞாபகமாகச் செய்து பதினோராவது இடத்தில் மறந்தால் அந்த ஓர் இடம் போதும் எல்லாம் போவதற்கு.

வேகத்திலும் நட்டம்தான். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு புது வாக்கியம் என்றால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பார்ஸ் செய்ய (படித்துப் புரிந்துகொள்ள) வேண்டும். பகிர்ந்து வைத்திருக்கும் நினைவகம் ஒரே முறை பயன்பட்ட வாக்கியங்களால் நிரம்பிவிடும்.

## வழி 2: எல்லாவற்றுக்கும் ஒரே நிலையான க்வெரி

இதுதான் பலரும் முதலில் போய் நிற்கும் இடம். வாக்கியம் மாறவே மாறாது:

```
வேர் ($1 இஸ் நல் ஆர் வட்டம் = $1)
அன்ட் ($2 இஸ் நல் ஆர் பருவம் = $2)
அன்ட் ($3 இஸ் நல் ஆர் ஈரப்பதம் <= $3)
```

வட்டம் கொடுக்கவில்லை என்றால் $1 காலி, முதல் நிபந்தனை எல்லாப் பதிவுக்கும் உண்மை. பாதுகாப்பு முழுமை. படிக்கவும் எளிது, ஒரே பார்வையில் எல்லா ஃபில்டரும் கண்ணில் படும். டேபிளில் சில ஆயிரம் பதிவுகள்தான், ஃபில்டர் மூன்று நான்குதான் என்றால் இதையே எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பதிவு பெருகும்போதுதான் மறைந்திருக்கும் செலவு தெரியும். நம் டேபிளை யோசித்துப் பாருங்கள். டெல்டாவில் சம்பாவும் தாளடியும் சேர்ந்துதான் பெரும் பங்கு, கோடை நெல் கொஞ்சம். பருவம் 'கோடை' என்று வந்தால் இன்டெக்ஸ் வழியாகப் போய்ச் சில நூறு பதிவுகளை எடுப்பது நல்லது. 'சம்பா' என்று வந்தால் டேபிளை முழுதாகப் படித்துவிடுவதே மலிவு. வாக்கியம் ஒன்றே, மதிப்பைப் பொறுத்து நல்ல பிளான் வேறு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ப்ரிப்பேர் செய்த (முன்கூட்டியே கொடுத்து வைத்த) வாக்கியத்துக்கு முதல் ஐந்து முறை மதிப்பைப் பார்த்துத் தனிப் பிளான் போடும். அப்புறம் மதிப்பைப் பார்க்காத பொதுப் பிளான் ஒன்றைத் தயாரித்து, அதன் மதிப்பிட்ட செலவை அந்த ஐந்தின் சராசரியோடு ஒப்பிடும். பொதுப் பிளான் மோசமில்லை என்று தோன்றினால் அதிலேயே நின்றுவிடும். அந்த முதல் ஐந்தும் ஃபில்டரே இல்லாமல் வந்த கோரிக்கைகளாக இருந்தால் சராசரி உயர்ந்து கிடக்கும், முழு டேபிளையும் படிக்கும் பொதுப் பிளானே ஜெயித்துவிடும். காலையில் வேகமாக இருந்த ஏபிஐ மத்தியானத்துக்கு மேல் காரணமே தெரியாமல் மெதுவாவது இப்படித்தான். 12ஆம் பதிப்பிலிருந்து பிளான் கேஷ் மோட் என்ற அமைப்பு வந்திருக்கிறது, அதில் தனிப் பிளானையே கட்டாயமாக்கலாம்.

ஆரக்கிளில் இதே சங்கதிக்கு முதல் முறை வந்த மதிப்பை எட்டிப் பார்க்கும் பைண்ட் பீக்கிங் 9ஐ பதிப்பில் வந்தது, அதன் குறையைச் சரிசெய்ய 11ஜி பதிப்பில், மதிப்புக்கு ஏற்பப் பிளானை மாற்றும் அடாப்டிவ் கர்சர் ஷேரிங் வந்தது. எஸ்கியூஎல் சர்வரில் பேராமீட்டர் ஸ்னிஃபிங் என்பார்கள். வாக்கியத்தின் கடைசியில் ரீகம்பைல் குறிப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிளான் போடும், அதற்கான சிபியு செலவு நம்முடையது.

இன்னொரு சின்னத் தொல்லை: ஜாவா போன்ற இடங்களில் கேள்விக்குறி வைத்து எழுதும்போது அதே மதிப்பை இரண்டு முறை கொடுக்க வேண்டும். காலி மதிப்பு போனால் முதல் கேள்விக்குறி என்ன வகை என்று போஸ்ட்கிரஸுக்குத் தெரியாமல் பிழை வரும். வகையைக் கையோடு குறித்துவிட்டால் சரியாகிவிடும்.

இதை விடப் பெரியது, இந்த வழியைச் சுருக்க ஆசைப்பட்டு எழுதும் ஒரு வரி:

```
வட்டம் = கோஅலெஸ்($1, வட்டம்)
```

கோஅலெஸ் என்பது கொடுத்தவற்றில் காலியில்லாத முதல் மதிப்பைத் தரும். பார்க்க அழகாக இருக்கிறது. $1 காலி என்றால் வட்டம் = வட்டம், அது எப்போதும் உண்மைதானே என்று தோன்றும். வட்டம் ஃபீல்டு காலியாக இருக்கும் பதிவுக்கு அது உண்மை ஆகாது. எஸ்கியூஎல்லில் காலி எதற்கும் சமமில்லை, இன்னொரு காலிக்கும் சமமில்லை. நான் இதை ஒரு அறுவடைக் காலத்தில் கற்றுக்கொண்டேன். நான் எழுதிக் கொடுத்திருந்த ஏபிஐயில் மொத்த மூட்டை என்று வந்த எண்ணும், அங்கே கணக்கு பார்த்த அம்மா கோடு போட்ட நோட்டில் கூட்டி வைத்திருந்த எண்ணும் ஒட்டவே இல்லை. அவர் ஒவ்வொரு லோடாக விரல் வைத்து வந்து ஓர் இடத்தில் நின்றார்: "தம்பி, இந்த ஆளுக்கு வட்டம் எழுதாமத்தானே அன்னிக்குப் போட்டோம், மழை வந்துருச்சுன்னு?" அப்படிப் போட்ட அத்தனை பதிவும், யாரும் எந்த ஃபில்டரும் கொடுக்காதபோதுகூட, பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தன. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அவருடைய நோட்டு இல்லாவிட்டால் சில விவசாயிகளுக்குப் பணம் குறைந்திருக்கும். அன்றிலிருந்து அந்த வரியை நான் எழுதுவதில்லை.

## வழி 3: வந்த ஃபில்டருக்கு மட்டும் கட்டுவது

கோடில் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்கிறோம், ஒன்று நிபந்தனைகளுக்கு, இன்னொன்று மதிப்புகளுக்கு. வட்டம் வந்திருந்தால் முதல் பட்டியலில் 'வட்டம் = $1', இரண்டாவதில் அந்த மதிப்பு. பருவம் வரவில்லை என்றால் அதைத் தொடுவதே இல்லை. கடைசியில் நிபந்தனைகளை அன்ட் போட்டு இணைக்கிறோம். வாக்கியத்தில் சேர்வது எல்லாம் நாம் எழுதி வைத்த துண்டுகள் மட்டுமே, பயனர் கொடுத்தது ஓர் எழுத்துகூட உள்ளே போகாது. இதுதான் இந்த வழியின் உயிர்.

திருவாரூர் மட்டும் கேட்டவருக்கு மாவட்டம் மட்டும் உள்ள வாக்கியம் போகிறது, டேட்டாபேஸுக்கு அதற்கான இன்டெக்ஸைப் பிடிப்பதில் குழப்பமே இல்லை. ஆறு ஃபில்டருக்கு அதிகபட்சம் 64 வடிவம் வரலாம் என்று கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம். நடைமுறையில் மக்கள் கேட்பது ஐந்தாறு வடிவம்தான், அவை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கும். ஒரு நிபந்தனை: ஃபில்டர்களை எப்போதும் ஒரே வரிசையில் சேர்க்க வேண்டும். பருவம் முன்னே வட்டம் பின்னே என்று யுஆர்எல்லில் வந்த வரிசைப்படி சேர்த்தால் ஒரே கேள்வி இரண்டு வேறு வாக்கியமாகிவிடும். கோஅலெஸ் மாதிரிச் சுற்றுவழி தேவைப்படாததால் காலி ஃபீல்டு தொலைவதும் இல்லை. ஆனால் பருவத்தில் 'சம்பா'வா 'கோடை'யா என்ற ஏற்றத்தாழ்வு இங்கேயும் இருக்கும், அதை இந்த வழி தானாகத் தீர்க்காது.

மறைந்த செலவுகள் இதிலும் உண்டு. எண்ணை எண்ணிக்கொண்டே போகும்போது $4 என்று எழுதி மதிப்பு மூன்றாம் இடத்தில் இருந்தால் பிழை. இரண்டும் ஒரே வகை என்றால் பிழைகூட வராமல் மாவட்டத்துக்கு வட்டத்தின் பெயர் போகும். பெயர் வைத்த பைண்ட் கிடைக்கும் லைப்ரரி என்றால் அதையே எடுங்கள்.

பட்டியல் ஃபில்டர்தான் கவனம் வேண்டிய இடம். ஆப்பில் மூன்று ரகத்தை டிக் செய்கிறார்கள், 'இன்' (இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்று என்ற நிபந்தனை) போட வேண்டும். ஒரு பைண்டில் மூன்று பெயரைக் கமா போட்டு அனுப்பினால் டேட்டாபேஸ் அதை ஒரே நீளமான ரகப் பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும், விடை காலி. போஸ்ட்கிரஸில் 'ரகம் = எனி($1)' என்று எழுதி ஒரு அரேயையே (மதிப்புகளின் பட்டியலையே) பைண்ட் செய்வது சுத்தமான வழி, மூன்றானாலும் முப்பதானாலும் வாக்கியம் மாறாது. அந்த வசதி இல்லாத இடத்தில் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேள்விக்குறி போட வேண்டும், அதற்கு எல்லை உண்டு: எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கோரிக்கைக்கு 2100 பேராமீட்டர், எஸ்கியூலைட்டில் 3.32க்கு முன் 999, இப்போது 32766, ஆரக்கிளில் நெடுங்காலம் ஒரு 'இன்' பட்டியலுக்கு 1000.

காலியான பட்டியல் வந்தால்? எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ஒருவர் தேடுகிறார். "பட்டியல் காலி, அதனால் ஃபில்டரை விட்டுவிடுவோம்" என்று கோடு எழுதியிருந்தால் அவருக்கு எல்லா ரகமும் வரும். ரகத்தில் அது பெரிய தவறு இல்லை. "இந்தப் பணியாளர் பார்க்கக் கூடிய நிலையங்கள்" என்ற பட்டியலில் அதே கோடு இருந்தால், எந்த நிலையமும் ஒதுக்கப்படாத புதுப் பணியாளருக்கு எல்லா நிலையமும் திறந்துவிடும். ஃபில்டர் கொடுக்கவில்லை என்பதும் காலிப் பட்டியல் கொடுத்தார் என்பதும் இரண்டு வேறு நிலைகள், கோடில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

அதே காரணத்துக்காக, விவசாயி தன் பதிவை மட்டும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை விருப்ப ஃபில்டர்களின் பட்டியலில் வைக்கவே கூடாது. அது வாக்கியத்தின் நிலையான முதல் வரி. அதன் மதிப்பு லாகின் டோக்கனிலிருந்து (உள்ளே நுழைந்தவர் யார் என்று சொல்லும் அடையாளக் குறி) வர வேண்டும், யுஆர்எல்லிலிருந்து வரக் கூடாது. வழி 2இல் இதையும் "காலி என்றால் விட்டுவிடு" வரிசையில் எழுதிவிட்டு, டோக்கனில் எண் வராத ஒரு நாளில் ஊரார் எல்லோருடைய வங்கிக் கணக்கு எண்ணும் ஒரு ஃபோனில் தெரிய வழி திறந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

## வழி 4: க்வெரி பில்டர், ஓஆர்எம்

நெக்ஸ், ஜூக், எஸ்கியூஎல்ஆல்கெமி, ஜாங்கோவின் ஓஆர்எம் எல்லாம் வாக்கியத்தை நமக்காகக் கட்டித் தரும் லைப்ரரிகள், உள்ளே செய்வது வழி 3தான். எண்ணை எண்ணும் வேலை நமக்கு இல்லை, பைண்ட் தானாக நடக்கும், காலி ஃபீல்டுக்குச் சரியான இஸ் நல் பெரும்பாலானவற்றில் வரும். மூன்று பேருக்கு மேல் ஒரே கோடில் வேலை செய்தால் இதுவே என் தேர்வு.

செலவு எங்கே என்றால், எல்லாவற்றிலும் வாக்கியத்தை நாமே நேரடியாக எழுத ஒரு 'ரா' கதவு உண்டு. பில்டரில் எழுத வராத ஒரு நிபந்தனைக்கு அவசரத்தில் அந்தக் கதவைத் திறந்து மதிப்பை ஒட்டிவிட்டால் நாம் வழி 1க்குத் திரும்பிவிட்டோம். அந்த அழைப்புகளை மட்டும் வாரம் ஒரு முறை கோடு முழுக்கத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். உருவான வாக்கியத்தை லாகில் போட்டு ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். பிஎச்பி மொழியில் பிடிஓ என்ற லைப்ரரி வழியாக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிடம் பேசுவதாக இருந்தால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும்: இயல்பு அமைப்பில் ப்ரிப்பேர் என்பது பாவனைதான், மதிப்பைத் தக்கபடி மேற்கோள் போட்டு டிரைவரே (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு நிரல்) வாக்கியத்தில் சேர்த்து அனுப்புகிறது. உண்மையான பைண்ட் வேண்டும் என்றால் அந்த எமுலேஷனை (பாவனையை) அணைக்க வேண்டும்.

## வழி 5: ஏபிஐயைத் தானாக உருவாக்கும் கருவிகள்

போஸ்ட்கிரெஸ்ட், ஆரக்கிளின் ஓஆர்டிஎஸ் போன்றவை. ஓஆர்டிஎஸ்ஸில் நாம் எழுதும் க்வெரியில் :வட்டம் என்று வைத்தால் யுஆர்எல்லில் அதே பெயரில் வரும் மதிப்பு தானே பைண்ட் ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ்ட்டில் ஃபில்டரை யுஆர்எல்லிலேயே எழுதலாம். அலுவலகத்துக்குள் நாலு பேர் பார்க்கும் ரிப்போர்ட்டுக்கு ஒரு மத்தியான வேலை. வெளியே திறந்துவிடுவதாக இருந்தால் யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்பதை டேட்டாபேஸ் மட்டத்திலேயே வரையறுத்த பின்தான் திறக்க வேண்டும், இன்டெக்ஸ் இல்லாத ஃபீல்டிலும் யாரும் தேடலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே நிலையான க்வெரி | வந்ததற்கு மட்டும் கட்டுவது | பில்டர் / ஓஆர்எம் | தானியங்கிக் கருவி |
|---|---|---|---|---|
| இன்ஜெக்‌ஷன் | இல்லை | துண்டுகள் நம்முடையதாக இருக்கும்வரை இல்லை | 'ரா' கதவைத் தவிர இல்லை | இல்லை |
| பெரிய டேபிளில் வேகம் | பிளானைப் பொறுத்து ஏறி இறங்கும் | நன்று | நன்று, லாகைப் பார்த்தால் | இன்டெக்ஸைப் பொறுத்தது |
| காலி ஃபீல்டு | கோஅலெஸ் போட்டால் தொலையும் | சரி | சரி | சரி |
| புது ஃபில்டர் | ஒரு வரி | ஒரு துண்டு, ஒரு மதிப்பு | ஒரு வரி | வேலையே இல்லை |
| எப்போது | சிறிய டேபிள், சில ஃபில்டர் | பெரிய டேபிள், ஒருவர் இருவர் வேலை | குழு வேலை | உள் அலுவலக ரிப்போர்ட் |

## எந்த வழியானாலும் பைண்ட் காப்பாற்றாதவை

வரிசைப்படுத்தும் ஃபீல்டின் பெயரையோ, ஏறுவரிசை இறங்குவரிசையையோ பைண்ட் செய்ய முடியாது. 'ஆர்டர் பை $1' என்று எழுதி 'தேதி' என்ற சொல்லை அனுப்பினால் போஸ்ட்கிரஸ் கோபித்துக்கொள்ளாது, அதை ஒரு மாறாத சொல்லாக எடுத்துக்கொண்டு ஒன்றையும் வரிசைப்படுத்தாமல் திருப்பும். அனுமதித்த பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, வந்த சொல் அதில் இருந்தால் நாம் எழுதி வைத்த ஃபீல்டு பெயரைச் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

'லைக்' (சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும்) தேடலில் பயனர் % (எதுவும் வரலாம் என்ற குறி) என்று தட்டினால் பைண்ட் அதை அப்படியே உள்ளே விடும், எல்லாப் பதிவும் வரும். % குறியையும் அடிக்கோட்டையும் நாமே எஸ்கேப் செய்ய (வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்படி குறித்துவிட) வேண்டும்.

வகை ஒத்துப்போக வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ஃபீல்டு வார்சார் என்ற எழுத்து வகை, டிரைவர் அனுப்புவது என்வார்சார் என்ற இன்னொரு எழுத்து வகை என்றால் வகை மாற்றம் ஃபீல்டின் பக்கம் நடந்து இன்டெக்ஸ் தேடல் கெட்டுப்போகலாம். தேதியில், 'இந்த நாள் வரை' என்பதை 'அடுத்த நாளுக்கு முன்' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் நேரமும் சேர்ந்த ஃபீல்டில் கடைசி நாள் முழுக்க விடுபடும்.

ஏபிஐக்கும் போஸ்ட்கிரஸுக்கும் இடையில், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வைத்து டிரான்சாக்‌ஷன் முறையில் ஓட்டுகிறவர்கள் அது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ப்ரோட்டோகால் வழியாக வரும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டை அந்த முறையில் தாங்குவது 2023இல் வந்த 1.21 முதல்தான்.

தமிழில் தேடும் ஏபிஐ என்றால் ஒன்று கூடுதலாக உண்டு, இது பற்றி எழுதுபவர்கள் குறைவு. 'கும்பகோணம்' என்ற சொல்லில் உள்ள கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒன்றே. டேட்டாபேஸ் பைட் பைட்டாக ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஒரு பழைய கோப்பிலிருந்து ஏற்றிய வட்டங்கள் இரண்டாம் விதத்தில் இருந்து, ஃபோன் கீபோர்டு முதல் விதத்தில் அனுப்பினால், பைண்ட் சரி, இன்டெக்ஸ் சரி, ஆனால் கும்பகோணத்துக்கு ஒரு பதிவும் வராது. ஓகாரமோ ஒகரமோ இல்லாத தஞ்சாவூருக்கும் வலங்கைமானுக்கும் ஒழுங்காக வரும். மதிப்பைப் பைண்ட் செய்யும் முன் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றுங்கள், ஏற்கனவே ஏறிய தரவையும் ஒரு முறை மாற்றுங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல் அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது.

## கேட்டவர்களுக்கு

மன்னார்குடியிலிருந்து கேட்ட தம்பிக்கு: உங்கள் டேபிள் ஒவ்வொரு பருவமும் வளரும், நீங்கள் ஒருவர்தான் பார்க்கிறீர்கள், வழி 3. பட்டுக்கோட்டைத் தங்கைக்கு: உறுப்பினர் பட்டியல் மட்டும், மூன்று ஃபில்டர், வழி 2 போதும், கோஅலெஸ் மட்டும் வேண்டாம். கும்பகோணத்தில் நாலு பேராக வேலை செய்கிறவர்கள் ஏற்கனவே ஓஆர்எம்மில் இருப்பதால் மாற வேண்டாம், 'ரா' அழைப்புகளைத் தேடிப் பாருங்கள்.

மூன்று பேரும் இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். மாவட்டத்தை 'நாகப்பட்டினம்' என்று வைத்து 2018 முதல் இன்று வரை தேடுங்கள். மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டமானது. சீர்காழி, தரங்கம்பாடிப் பதிவுகள் அதற்கு முந்தைய வருடங்களுக்கு வந்து பிந்தைய வருடங்களுக்கு வராமல் போகும். அது வேண்டுமா வேண்டாமா என்பதை க்வெரி முடிவு செய்ய முடியாது, கணக்கு பார்ப்பவரிடம் கேட்டு எழுதுங்கள்.